உன் மேடம் போட்ட நாற்பது கையெழுத்து

அன்பு மகள் பாப்புவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், பயிற்சிக் காரும் பின்பக்க பம்பரைத் தவிர சௌக்கியம்தான். நீ நன்றாக இருக்கிறாய் என்பது வியாழக்கிழமை போனில் உன் குரலைக் கேட்டபோதே தெரிந்துவிட்டதால் அதை விசாரித்து ஒரு வரியை வீணாக்கவில்லை. நேராகக் குற்றத்துக்கு வருகிறேன். போன மாதம் உன் ஆபீஸ் மேடம் விமானம் ஏறி வந்து, இங்கே ஓட்டல் ஹாலில் உங்கள் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசினாரே, ஹால் நிரம்பிவிட்டது என்று நீ துள்ளினாயே, அந்த நாற்பத்தைந்து பேரில் நாற்பது பேர் என் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள். சாலை விதி வகுப்பு என்று நினைத்து வந்தார்கள். அப்படி நினைக்கும்படி சொன்னது நான்தான்.

உடனே போனை எடுக்காதே, முழுக்கப் படி. இதை நான் போனில் சொன்னால் முதல் வாக்கியத்திலேயே நீ "அப்பா" என்று ஒரு இழுப்பு இழுப்பாய், அந்த இழுப்பில் எனக்கு மிச்சக் கதை மறந்துபோகும். கடிதத்தை யாராலும் இழுக்க முடியாது. அதோடு இதை நானேதான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்பது உன் மேடத்தின் உத்தரவு. ஆமாம், அவருக்குத் தெரியும். எப்படித் தெரிந்தது என்று சொல்லத்தான் இத்தனை தாள் எடுத்து வைத்திருக்கிறேன், உன் அம்மா எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் பிடுங்கிப் படித்துவிட்டுத்தான் திருப்பித் தருகிறாள், ஆகையால் பெரிய பொய் எதுவும் இதில் இருக்காது.

ஆறு வாரத்துக்கு முன்னால் நீ போன் செய்தது நினைவிருக்கும். வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கிற உங்கள் அலுவலகத்தில் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள், எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிறார்கள், நம் ஊர் உன் பொறுப்பு, விண்ணப்பம் போட்டவர்கள் நிறையப் பேர், ஆனால் வருகிறேன் என்று இடத்தை உறுதி செய்தவர் ஒருவர்கூட இல்லை, அடுத்த மாதக் கடைசிக்குள் ஐந்து பேராவது உறுதி செய்யாவிட்டால் உன் வேலை போகும், வேலை போனால் விசாவும் போகும் என்றாய். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நான் திரும்பி வந்தா உங்களுக்குச் சந்தோஷந்தானே என்று சிரித்தாய். சந்தோஷம்தான், யார் இல்லையென்றது. ஆனால் நீயாக ஆசைப்பட்டு வருவது வேறு, பெட்டியைக் கட்டு என்று யாரோ சொல்லி வருவது வேறு. அந்தச் சிரிப்பு சரியான சிரிப்பு இல்லை என்று உன் அம்மா போனை வைத்த உடனே சொன்னாள். அவள் மருந்துக்கடையில் இருபது வருஷமாக டாக்டர் கையெழுத்தைப் படிப்பவள், உன் சிரிப்பைப் படிக்கமாட்டாளா.

மறுநாள் காலையிலிருந்து நான் களத்தில் இறங்கினேன். டிரைவிங் ஸ்கூல்காரனிடம் இருக்கிற வசதி உலகத்தில் வேறு எந்த விற்பனையாளனிடமும் இல்லை. கேட்பவர் எழுந்து போக முடியாது, சீட் பெல்ட் போட்டிருக்கிறார். பதில் பேச முடியாது, ஓட்டும்போது பேசக்கூடாது என்பது என் முதல் விதி. கதவைத் திறந்து இறங்கலாம் என்றால் இரண்டாவது பிரேக் என் காலடியில் இருக்கிறது, நான் நிறுத்தினால்தான் வண்டி நிற்கும். மூன்று வாரம், காலை ஆறு மணி பேட்ச் முதல் மாலை பேட்ச் வரை, கியர் மாற்றச் சொல்வதற்கு நடுவில் உங்கள் நூலகத்தைப் பற்றிச் சொன்னேன். நூலகம் ராத்திரியும் திறந்திருக்கும் என்று நீ சொல்லியிருந்தாய், அதில் காபியும் சும்மா தருவார்கள் என்பது நான் சேர்த்தது. உங்கள் ஏரியை நான் கொஞ்சம் பெரிதாக்கினேன். உங்கள் குளிரைக் கொஞ்சம் குறைத்தேன். ஒரு நாள் ரவுண்டானாவில் நுழைகிற நேரத்தில் நான் கல்வி உதவித்தொகையை விளக்கிக்கொண்டிருக்க, ஒரு நர்ஸ் அம்மா பொறுக்கமாட்டாமல் விதியை மீறிப் பேசிவிட்டார். சார், இப்ப நான் பிரேக் போடணுமா அப்ளிகேஷன் போடணுமா என்று கேட்டார். பம்பர் போனது அன்றைக்குத்தான்.

இப்படியெல்லாம் பாடுபட்டும், கூட்டத்துக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ அனுப்பிய செய்தியில் வருவதாகச் சொல்லியிருப்பவர்கள் நாலு பேர் என்றிருந்தது. ஐம்பது நாற்காலி போட்ட ஹால், நாலு பேர், எதிரே உன் எஜமானி. உன் அம்மாவிடம் காட்டினேன், அவள் மாத்திரை எண்ணுவதுபோல இரண்டு தரம் எண்ணிவிட்டுப் போனைத் திருப்பித் தந்தாள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. லைசென்ஸ் தேர்வுக்குப் போகும் முன் இரண்டு மணி நேர விதி வகுப்பில் உட்கார வேண்டும், அவரவருடைய சிவப்பு அட்டை போட்ட வருகைப் புத்தகத்தில் கையெழுத்து விழ வேண்டும், கையெழுத்து இல்லாமல் நான் யாரையும் தேர்வுக்கு அனுப்புவதில்லை, இது உனக்கே தெரியும். சனிக்கிழமை விதி வகுப்பு ஸ்கூலில் இல்லை, ஓட்டல் ஹாலில் என்று எல்லோருக்கும் ஒரு செய்தி தட்டிவிட்டேன். நியாயமாக முதல் அரை மணி நானே விதி சொல்வது, பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு சிறப்பு விருந்தினர் என்று மேடத்தை நுழைப்பது, இதுதான் திட்டம். உன் அம்மா கேட்டுவிட்டு, இது வெளங்குமா என்றாள். விளங்காது என்று எனக்கும் தெரியும், ஆனால் வேறு திட்டம் இல்லை.

சனிக்கிழமை பொம்மைக் கார்களையும் சாலை வரைந்த பலகையையும் தூக்கிக்கொண்டு நான் உன் அம்மாவோடு ஹாலுக்குள் போனால், உன் மேடம் முக்கால் மணி முன்னதாகவே வந்து புரொஜெக்டர் ஒயரைத் தானே சொருகிக்கொண்டிருக்கிறார். நீ சொன்னதை வைத்து நான் உயரமாக, கண்ணாடி போட்டு, அதட்டுகிற ஆளாக நினைத்திருந்தேன். இவரோ குள்ளமாக, ஓட்டப்பந்தய ஷூ போட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்ததும் உன் பெயரைச் சொல்லி அம்மாவைக் கட்டிக்கொண்டார். அப்புறம் என் கையைப் பார்த்தார். பொம்மைக் கார் எதற்கு என்று கேட்டார். குழந்தைகளைக் கூட்டி வருபவர்களுக்காக என்று உன் அம்மா கண்ணிமைக்காமல் சொன்னாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் எனக்காக அவள் சொன்ன முதல் பொய், நான் நெகிழ்ந்துபோனேன். நெகிழ்ந்து முடிப்பதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், மேடம் மைக்கைப் பிடித்துவிட்டார், என் அரை மணி நேரம் காற்றில் போயிற்று. ஆங்கிலம் சிலருக்கு எட்டாது என்று உன் அம்மா பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்கிற அதே குரலில்.

பாப்பு, அந்த முதல் இருபது நிமிஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முதல் படம் உங்கள் பல்கலைக்கழக வாசல், வாசலுக்கு முன்னால் ரோடு, ரோட்டில் பாதசாரிகள் கடக்கிற கோடு. நாற்பது பேரும் நோட்டைத் திறந்து மடமடவென்று எழுதினார்கள். மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இதுவரை போன எந்த ஊரிலும் யாரும் குறிப்பு எடுத்ததில்லையாம். அடுத்த படம் பனி, இதுல பிரேக் பிடிக்குமா என்று நர்ஸ் அம்மா பக்கத்து நாற்காலியிடம் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. அதற்கடுத்து ஒரு வட்டம், அதில் நூற்றுக்கு முப்பது வெளிநாட்டு மாணவர்கள் என்று போட்டிருந்தது, உன் அம்மா அதைச் சொல்வதற்குள் முன்வரிசையில் இருந்த ஓய்வு பெற்ற தபால்காரர் உச்சுக் கொட்டிவிட்டார். விபத்துக் கணக்கு என்று நினைத்திருக்கிறார் பாவம். அறுபத்திரண்டு வயதில் மருமகன் கிண்டல் செய்தான் என்று ஸ்டீயரிங் பிடிக்க வந்தவர் அவர். யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று மேடம் கேட்டதும் முதல் கை அவருடையது. நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். "மேடம், அங்க பார்க்கிங் எப்படி?" என்றார்.

மேடம் கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பார்க்கிங் நரகம் என்றார். தினமும் காலையில் இருபது நிமிஷம் சுற்றுகிறாராம். ஒரு பேராசிரியர் சாலை வேலைக்காரர்கள் வைக்கிற சிவப்புக் கூம்பு ஒன்றைத் தானே வாங்கி வந்து தன் இடத்தில் வைத்துவிட்டுப் போவாராம், அதை உங்கள் துணைவேந்தரே ஒரு நாள் எடுத்து ஒளித்துவிட்டாராம். ஹாலே சிரித்தது. அதற்குப் பிறகு அவர் படம் போடவில்லை. தபால்காரரின் அந்த ஒரு கேள்வியில் மனுஷர்களுக்கு வாய் திறந்துவிட்டது. படிக்கும்போது வாரத்துக்கு எத்தனை மணி வேலை செய்ய விடுவார்கள் என்று ஒரு தையல்காரப் பெண் கேட்டாள், கல்யாணம் நிச்சயமான ஒருத்தி வீட்டுக்காரரையும் கூட்டிப் போகலாமா என்று கேட்டாள், விதி வகுப்புக்கு வந்தோம் என்பதையே பாதிப் பேர் மறந்துவிட்டார்கள். நானும் சுவரைவிட்டு ஒரு அடி முன்னால் வந்தேன்.

அப்போது கிளட்ச் எழுந்தாள். அது நான் வைத்த பெயர், ஒல்லியான பெண், கெட்டிக்காரி, ஆனால் நாலு வாரமாக கிளட்சிலிருந்து காலை எடு எடு என்று கத்துகிறேன், எடுக்கமாட்டாள், வண்டி நின்ற இடத்திலேயே உறுமும். அவள் மேடத்தைப் பார்க்காமல் உன் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். "அங்க போய்ப் படிச்சு முடிச்சும் வேலை கிடைக்கலன்னா, திரும்பி வந்து வீட்டுல என்ன சொல்றது?"

போச்சு, உன் வேலை போச்சு என்றுதான் எனக்குத் தோன்றியது. மொழிபெயர்க்காதே, வேறு எதையாவது சொல்லு என்று உன் அம்மாவுக்குக் கையால் சைகை செய்தேன், அவள் என்னைப் பார்க்கவே இல்லை, அப்படியே சொன்னாள். மேடம் மேசை ஓரத்தில் ஏறி உட்கார்ந்தார். பத்துப் பேர் படித்து முடித்தால் முதல் வருஷத்தில் ஆறு பேருக்குத்தான் படித்த வேலை கிடைக்கிறது, எங்கள் விளம்பரப் புத்தகத்தில் இதைப் போடுவதில்லை, உங்களைக் கூப்பிட வருகிற எந்தக் கல்லூரியிடமும் இந்த எண்ணைக் கேளுங்கள், சொல்லாமல் மழுப்பினால் எழுந்து போய்விடுங்கள் என்றார். வீட்டில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது, ஆனால் என் அலுவலகத்தில் இந்த ஊர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள், இந்தக் கேள்வியோடு போன் செய்கிற பிள்ளைகளிடம் தன் கதையைத்தான் சொல்வாள் என்றார். படித்து முடித்து ஏழு மாதம் அவளுக்கு வேலை இல்லை, ஒரு காபிக் கடையில் கோப்பை கழுவினாள், வீட்டுக்குப் போன் செய்யும்போதெல்லாம் அலுவலகத்தில் பயிற்சி நடக்கிறது என்று சொல்லிவந்தாள் என்றார்.

உன் அம்மா பாதியில் நின்றாள். மேடம் நாங்கள் இதை அறிவோம் என்றே நினைத்திருக்கிறார், அவர்மேல் தப்பில்லை. நான் உன் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், பார்க்க முடியாமல் பொம்மைக் கார்களைப் பார்த்தேன். அவள் ஹாலைப் பார்த்து மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். அந்தப் பொண்ணு ஏழு மாசம் கோப்பை கழுவுனாளாம், வீட்டுல சொல்லலையாம், சொல்லியிருக்கலாம்னு இப்ப சொல்றாளாம் என்றாள். அந்தப் பெண் யார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசி வாக்கியத்தை மேடம் சொன்னதாக எனக்கு நினைவில்லை, உன் அம்மாவே சேர்த்திருக்க வேண்டும். கிளட்ச் தலையாட்டிவிட்டு உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டாள்.

இதற்காக உன்னை நாங்கள் திட்டப்போவதில்லை. அந்த ஏழு மாதமும் நான் தெருவெல்லாம் என் மகள் பயிற்சியில் இருக்கிறாள், பெரிய பயிற்சி, லேசில் முடியாது என்று சொல்லிக்கொண்டு திரிந்ததை நினைத்தால்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து உன் அம்மா ஒரு பாத்திரத்தை ரொம்ப நேரம் கழுவினாள். அப்புறம், எப்படியும் ஒழுங்காக் கழுவியிருக்க மாட்டா, இங்க ஒரு டம்ளர் கழுவினதில்ல என்றாள். அவ்வளவுதான், அதோடு அந்த விஷயம் முடிந்தது. இனிமேல் வேலை இல்லையென்றால் வேலை இல்லை என்று சொல், நாங்களும் தெருவில் அதற்குத் தகுந்த மாதிரி பேசிக்கொள்கிறோம்.

கூட்டம் நல்லபடியாக முடிந்தது என்று நான் மூச்சுவிட்ட நேரத்தில் நாற்பது பேரும் எழுந்தார்கள். எழுந்து வாசல் பக்கம் போகவில்லை, நேராக மேடத்தின் மேசைக்குப் போய் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் சிவப்பு அட்டைப் புத்தகம். வகுப்பு எடுத்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவன் நான், அவர்கள் நல்ல மாணவர்கள், என்ன செய்வது. வரிசையில் முதலில் தபால்காரர். மேடம் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார், அட்டையில் கார் படம், ஸ்டீயரிங் படம், கீழே என் பெயரும் போன் நம்பரும். இது என்ன என்று கேட்டார். தபால்காரர் திருதிருவென்று விழிக்க, பின்னால் நின்ற கிளட்ச்தான் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உள்ளது உள்ளபடி சொன்னாள், விதி வகுப்பு, வருகை, சார் வரச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குப் பொய் வராது. மேடம் தலையைத் தூக்கி என்னைத் தேடினார். நான் தண்ணீர் கேனுக்குப் பின்னால் குனிந்து ஊற்றிக்கொண்டிருந்தேன், கிளாஸ் நிரம்பி வழிந்து என் செருப்பெல்லாம் தண்ணீர். அவர் பேனாவைத் திறந்தார், நாற்பது புத்தகத்திலும் கையெழுத்துப் போட்டார், ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு, கை கொடுத்து. எனக்கு அந்த வரிசை ஊரைச் சுற்றி வருவதுபோல நீளமாக இருந்தது.

எல்லோரும் போன பிறகு நான் போய் நின்றேன். என் ஆங்கிலம் உனக்குத் தெரியும், வண்டியை நிறுத்து, திருப்பு, பின்னால் பார் என்பதற்கு மேல் போகாது. மன்னிப்பு என்ற ஒரே வார்த்தையை நாலைந்து தரம் சொன்னேன். போன வாரம் வேறொரு ஊரில் ஏழு பேர் வந்தார்கள், அதில் நாலு பேர் ஏசிக்காக வந்தவர்கள் என்றார். இங்கே எதற்காக வந்திருந்தாலும் கேட்டார்கள் என்றார். உன்னிடம் சொல்லிவிடாதீர்கள் என்று உன் அம்மா மூலமாகக் கெஞ்சினேன். அதற்கு அவர் சொன்னதை அம்மா அங்கேயே தமிழில் சொன்னாள், அதை அப்படியே எழுதுகிறேன். "நான் சொன்னா அது ரிப்போர்ட் ஆயிடும். நீங்களே சொல்லிடுங்க, நீங்க சொன்னா வெறும் அப்பாதான்."

வெறும் அப்பா என்றால் என்ன அர்த்தம் என்று நான் வழியெல்லாம் உன் அம்மாவைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

மேடத்தின் கையெழுத்து செல்லாது என்பதால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேரையும் மறுபடி கூப்பிட்டு, உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, உண்மையான விதி வகுப்பு எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். முப்பத்தெட்டு பேர் வந்தார்கள், இரண்டு பேர் கோபம். மேடத்தின் வகுப்பு இதைவிட நன்றாக இருந்தது என்று தபால்காரர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அதற்குப் பிறகு மூன்று வாரம் உன் வேலையைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே. போன் அடித்தால் உன் அம்மா எடுக்கமாட்டாள், நான்தான் எடுக்க வேண்டும். உன் பழைய அறையைத் துடைத்து வைத்தாள், ஏன் துடைக்கிறாய் என்றால் தூசி என்றாள். வியாழக்கிழமை நீ கூப்பிட்டு, ஐந்து பேர் உறுதி செய்துவிட்டார்கள், இரண்டு வருஷத்துக்கு வேலையை நீட்டிக் கடிதம் கொடுத்துவிட்டார்கள் என்றதும், அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு அந்த அறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை, சாப்பிட்டாயா என்று மூன்று தரம் கேட்டேனாம். ஆறு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது, அன்றைக்கு மாலை பேட்சில் யாரையும் நான் அதட்டவில்லை, என்ன சார் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

அப்புறம் நீ அந்த ஐந்து பேரின் பெயரைச் சொன்னாயே, அதில் நாலு பேர் நம் ஸ்கூல் என்று தெரிந்ததும் எனக்கு வந்த மிதப்பை மறைப்பானேன். முடிவெட்டுகிறவரிடம் சொன்னேன், அவர் பாதியில் கத்தரிக்கோலை நிறுத்தும்வரை சொன்னேன். மெக்கானிக்கிடம் சொன்னேன். லைசென்ஸ் ஆபீஸ் கிளார்க்கிடம், ஒரு பல்கலைக்கழகத்துக்கே ஆள் அனுப்புகிறவன் நான், என் ஃபைலைக் காக்க வைக்கிறீர்களே என்றேன், அவர் இன்னும் அரை மணி காக்க வைத்தார். அந்த நாலு பேரில் கிளட்சும் ஒருத்தி. மூன்று வாரப் பிரசாரம், இரண்டாவது பிரேக், ஒரு ஓட்டல் ஹால், எல்லாம் சேர்ந்து நாலு பேரை ஏற்றி அனுப்பியிருக்கிறேன் என்றால் சாமானியமில்லை. ஐந்தாவது ஆளும் இவர்களில் யாரோ சொல்லிக் கேட்டுத்தான் வந்திருக்க வேண்டும், அவரையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து, உன் அம்மாவின் கருத்து வேறு.

அந்தப் பிள்ளைகள் அங்கே வந்ததும் நீ போய்ப் பார். முதல் மாதம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், நம்பாதே. காபி நூலகத்தில் சும்மா கிடைக்காது என்பதை நீயே பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடு. இன்னொரு விஷயம், உன் அம்மா அன்றைக்கு எண்ணிக்கைக்காக முன்வரிசையில் ஒரு நாற்காலியைப் பிடித்துவைத்துக்கொண்டு உங்கள் பல்கலைக்கழகத்தில் சேர ஒரு படிவமும் வாங்கி நிரப்பினாள், அதைக் கிழித்துப் போட்டதாகச் சொன்னாள், அலமாரியில் பத்திரமாக இருப்பதை நேற்றுப் பார்த்தேன். உன் மேசைக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லாதே, மெதுவாக யோசிக்கலாம் என்று எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. உன் மேடத்துக்கு எங்கள் வணக்கத்தைச் சொல், அந்தக் கூம்பு வைக்கிற பேராசிரியரை எனக்காக ஒரு தரம் முறைத்துப் பார். நீ எந்த ஊரில் இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கி நிம்மதியாக எழுந்திருக்க வேண்டும், எங்களுக்கு வேறு பிரார்த்தனை இல்லை. குளிர் கோட்டின் ஜிப் போய்விட்டது என்றாயே, தைத்தாயா, தைக்காவிட்டால் இன்றைக்கே தை.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா
(அம்மாவும் படித்துச் சரிபார்த்தாள்)

பி.கு.: கவரை ஒட்டும் முன், அந்த நாலு பேரின் முகவரியை உனக்கு எழுதி அனுப்பலாம் என்று ஸ்கூலில் அவர்கள் சேர்ந்தபோது கொடுத்த படிவங்களை எடுத்தேன். கார் ஓட்டக் கற்பதற்கான காரணம் என்று அதில் ஒரு கட்டம் உண்டு, நான் எதையும் படித்துப் பார்ப்பதில்லை. நாலு பேரும் மேற்படிப்புக்கு வெளிநாடு போவதாக எழுதி, பக்கத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். தேதி, நான் உங்கள் நூலகத்தைப் பற்றி வாயைத் திறப்பதற்கு இரண்டு வாரம் முந்தியது.